உறையக் கூடாது என்றார்கள்

இதை எழுத எனக்கு ஏழு வருஷம் ஆகியிருக்கிறது. எழுதத் தெரியாமல் இல்லை. ஒன்பதாவது வரைக்கும் படித்தவள். மகளிர் குழுவில் தீர்மானம் எழுதுகிறதும் நான்தான். மூன்று தடவை நோட்டு வாங்கி ஆரம்பித்தேன். முதல் தடவை இரண்டு பக்கம் எழுதித் திருப்பிப் படித்தபோது, பழியெல்லாம் எப்படியோ மற்றவர்கள் மேலேயே போயிருந்தது. கிழித்து அடுப்பில் போட்டேன். இரண்டாவது தடவை எழுதியதில் அழுகைதான் இருந்தது, நடந்தது இல்லை. மூன்றாவது தடவை அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. பொய்யை மனசில் வைத்துக்கொண்டு கும்பிட்டால் அவள் எப்படிக் கை கொடுப்பாள்?

என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரருடைய தம்பி பெண்சாதி, எங்கள் மாட்டுக்கு எலி மருந்து வைத்துக் கொன்றுவிட்டாள் என்று எங்கள் ஊரிலும் சுத்துப்பட்டு ஊர்களிலும் ஒரு பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சு கிளம்பியது என் வாயிலிருந்து. அது நிஜமா இல்லையா என்று சொல்லக்கூடிய ஒரே ஒரு பொருள் ஒரு நாள் பகல் முழுக்க என் கையில் இருந்தது. விரல் நீளத்தில் ஒரு குழாய், கூட இரண்டு கண்ணாடித் துண்டு. அதைக் கெடுத்தவள் நான். கெடுத்தேன் என்று இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாமல் மறைத்தவளும் நான்.

எங்கள் ஊர் ஆலங்காயத்திலிருந்து மலை ஏறுகிற வழியில் இருக்கிறது. பாகம் பிரித்தபோது வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கினார்கள். மாட்டுக் கொட்டகை எங்கள் பங்கில் வந்தது. கொட்டகையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் கொழுந்தனார் வீட்டில் சாமை மூட்டை அடுக்கும் அறை. சுவர் முழுசாக மேலே போகவில்லை. ஒரு ஆள் உயரத்துக்கு மேல் திறந்துதான் கிடக்கும். நான் இந்தப் பக்கம் பால் கறக்கும்போது அவள் அந்தப் பக்கம் இருமினால் கேட்கும்.

மாடு செவலை நிறம். ஜெர்சி கலப்பு, இரண்டாம் ஈத்து. சொசைட்டிக்கு ஊற்றியது போக வீட்டுக்கும் பால் மிஞ்சும். நான் பக்கத்தில் போனால் கழுத்தை நீட்டித் தடவச் சொல்லும்.

மழை பிடித்த மாசம். ஒரு நாள் காலையில் மாடு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு போய் ஓரகத்தியின் கேழ்வரகு நாற்றங்காலில் இறங்கிவிட்டது. நான் போய்ப் பிடிப்பதற்குள் பாதி நாற்று சேற்றில் மிதிபட்டுப் போச்சு. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வரப்பில் நின்றாள்.

"இன்னாக்கா, உன் மாடு மேயறதுக்குத்தான் நான் நாத்து வுட்டேனா?"

"வாயில்லா ஜீவன்டி. அதுக்கு உன் கயனி என் கயனின்னு தெரியுமா?"

"அதுக்குத் தெரியாது. வளக்கறவளுக்குத் தெரியணும். பீச்சி சொசைட்டிக்கு ஊத்தத் தெரியுது, ஒரு கயிறு கட்டத் தெரியல."

"நீ வளத்துப் பாரு, அப்பத் தெரியும். ஒரு கோழி தங்கல உன் வூட்ல."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த வருஷம் கோழிச் சீக்கில் அவள் கோழி எல்லாம் போயிருந்தது. முகம் சிவந்துவிட்டது அவளுக்கு.

"இரு, இரு. உன் மாட்டுக்கு நான் ஒரு வழி பண்றேன்."

இந்த வார்த்தையை எங்கள் பக்கத்தில் யார்தான் சொல்லவில்லை? அவள் கோழி என் களத்தில் கிளறினபோது நானும் இதையே சொல்லியிருக்கிறேன். அதனால்தான் அவள் கோழி செத்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வரப்பில் அவள் அப்படிச் சொன்னதைக் களை எடுக்கப் போன நாலு பெண்கள் கேட்டார்கள்.

எட்டு நாள் கழிந்திருக்கும். பால் கறக்கும்போது நுரைக்குள் சிவப்பாக ஒரு நூல் ஓடியது. மடிக்காம்பில் ஏதோ கீறல் என்று நினைத்து மஞ்சள் பூசினேன். மறுநாள் காலையில் பார்த்தால், ஈ கடித்த இடத்திலெல்லாம் ஒரு ஒரு சொட்டு ரத்தம். கழுத்து, விலா, தொடை எல்லா இடத்திலும். துடைத்தால் மறுபடி வந்தது. மாட்டுக்கு ரத்தமாக வேர்க்கிற மாதிரி இருந்தது. வாயைத் திறந்து பார்த்தேன். ஈறு வெளுத்து, அதில் சிவப்பாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். திருஷ்டி சுற்றிப் போட்டேன். விபூதி வைத்தேன். மாடு பிழைத்தால் பொங்கல் வைக்கிறேன் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்தேன். வீட்டுக்காரர், "முடியறத முடிஞ்சிக்க, நான் டாக்டருக்குப் போன் போடறேன்" என்றார்.

டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்தார். சின்ன வயசு. எங்கள் பக்கத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காய்ச்சல் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், உண்ணி இருக்கிறதா என்று காதுக்குள்ளும் வால் அடியிலும் தடவினார். கழுத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார். ஊசி குத்தின இடத்திலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். எடுத்தால் ஒழுகும், மறுபடி அழுத்துவார்.

எடுத்த ரத்தத்தில் கொஞ்சத்தைச் சும்மா ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, அதைக் கைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டார் டாக்டரம்மா. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை கையைத் திறந்து குழாயைச் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னா பாக்கறீங்க?" என்றேன்.

"ரத்தம் உறையுதான்னு பார்க்கறேன்மா. வெளிய வந்த ரத்தம் கொஞ்ச நேரத்துல உறையணும். அப்பதான் காயம் அடையும். உங்க மாட்டுக்கு உறைய மாட்டேங்குது."

"தயிர் உறைஞ்சிதான்னு நாங்க சொம்பச் சாய்ச்சிப் பாக்கற மாதிரியே பண்றீங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதே வேலைதான்மா. நீங்க மோர் ஊத்தி உறைய வெப்பீங்க. ரத்தத்துக்கு உறை மோர் உள்ளேயே இருக்கு. அது எங்க போச்சுன்னுதான் தேடறேன்."

அந்தச் சிரிப்பில் எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. இவர் தேடிக் கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தேன். ரத்தம் ரொம்ப நேரம் தண்ணீராகவே இருந்தது. அப்புறம் உறைந்தது, ஆனால் மோர் பற்றாத தயிர் மாதிரி, சாய்த்தால் கட்டி தனியாக வழுக்கியது. டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு போய்விட்டது.

"வீட்ல எலி மருந்து ஏதாவது வெச்சீங்களா?"

"நாங்க வெக்கல" என்றேன். 'நாங்க' என்பதை அழுத்திச் சொல்லிவிட்டுப் பின்சுவரைப் பார்த்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு அது கேட்டமாதிரி ஆகிவிட்டது. அவளே சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் வெச்சிக்கீறேன் டாக்டரம்மா. சாமை மூட்டைக்கு அடியில. ரெண்டு வில்லை. வந்து பாருங்க."

டாக்டரம்மா போய்ப் பார்த்தார். நானும் பின்னாலேயே போனேன். ஒரு வில்லை முழுசாக இருந்தது. இன்னொன்று ஓரத்தில் கொறித்திருந்தது.

"எலி கொறிச்சாலும் இப்படித்தான் இருக்கும்" என்றார் டாக்டரம்மா. "இத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இவ்ளோ பெரிய மாடு சாயணும்னா நிறைய தின்னிருக்கணும்."

அந்தக் கடைசி வார்த்தையை நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொறித்த வில்லைதான் கண்ணில் நின்றது.

வெளியே வந்து அவர் எங்களுக்கு விளக்கினார். ரத்தம் உறையாமல் போக இரண்டு வழி. எலி மருந்து தின்றால் ரத்தத்தில் இருக்கிற உறை மோர் தீர்ந்துபோகும். இல்லாவிட்டால் ரத்தம் ஊறுகிற இடமே வற்றிப்போயிருக்கும். காட்டில் மேய்கிற ஏதாவது தழையால் இருக்கலாம், பூஞ்சை பிடித்த தீவனத்தால் இருக்கலாம், நோயாலும் இருக்கலாம்.

"ரத்தம் எங்க ஊறுது?" என்றார் வீட்டுக்காரர்.

"எலும்புக்குள்ள. கறிக்கடையில நல்லி எலும்பு வாங்குவீங்களே, உள்ள இருக்கிறதை உறிஞ்சுவீங்களே, அந்த மஜ்ஜைதான். அதுல கொஞ்சம் எடுத்து மைக்ராஸ்கோப்ல பார்த்தா தெரிஞ்சிடும். மஜ்ஜை நல்லா இருந்தா எலி மருந்து மேல சந்தேகம். மஜ்ஜை வத்திப்போயிருந்தா, எலி மருந்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ரெண்டுக்கும் பொதுவா ஊசி போட்டிருக்கேன். ஆனா எதுன்னு தெரிஞ்சாதான் அடுத்த மருந்து."

ஓரகத்தி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். "எடுங்க டாக்டரம்மா. நல்லாப் பாத்து எடுங்க. என் பேரும் அதுக்குள்ளதான் கீது" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

முன்னங்கால்கள் நடுவில், நெஞ்செலும்பில் எடுத்தார். மயிரை மழித்து மருந்து தடவி, மரத்துப்போக ஊசி போட்டார். அப்புறம் குட்டையாகத் தடியாக ஒரு ஊசி. உள்ளே கம்பி வைத்தது. மண்டி போட்டு உட்கார்ந்து, தேங்காய்க் கண்ணைக் குடைகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகினார். எலும்பு அரைபடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் மாட்டின் நெற்றியில் கையை வைத்து அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். மாடு உதைக்கவில்லை. உதைக்க அதற்குத் தெம்பு இல்லை. கம்பியை உருவிவிட்டு சிரிஞ்சை மாட்டி இழுத்தார். ரத்தம் மாதிரிதான் வந்தது, ஆனால் கெட்டியாக. சட்டென்று இரண்டு கண்ணாடித் துண்டில் ஒரு ஒரு சொட்டு விட்டு இழுத்துப் பூசினார். மீதியை ஊதா மூடி போட்ட குழாயில் விட்டு, குலுக்காமல் மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து எடுத்தார்.

"இந்தக் குழாய்ல ரத்தம் உறையாம இருக்க மருந்து இருக்கும்மா" என்றார் என்னிடம். "உறைஞ்சிட்டா ஒண்ணும் பார்க்க முடியாது."

சாம்பிள் அன்றைக்கே கீழே ஆய்வகத்துக்குப் போயாக வேண்டும். டாக்டரம்மாவுக்கு மேலே ஒரு ஊரில் கன்று வெளியே வராமல் ஒரு பசு கிடந்தது. வீட்டுக்காரர் பஞ்சை விட்டுவிட்டு நகர முடியாது. "நான் போறேன்" என்றேன். டாக்டரம்மா ஒரு பிளாஸ்கில் ஐஸ் பையைப் போட்டு, மேலே துணி மடித்து வைத்து, அதன்மேல் குழாயை வைத்தார். கண்ணாடித் துண்டுகளை அட்டைப் பெட்டியில் வைத்துத் தனியாகக் கொடுத்தார்.

"இது நனையக் கூடாது. பிளாஸ்க் ஜில்லுன்னு இருக்கணும், ஆனா உறையக் கூடாது. ஞாபகம் வெச்சுக்குங்கம்மா. உறையக் கூடாது."

"சரிங்க" என்றேன். எனக்கா அது தெரியாது? தினம் ராத்திரி பாலுக்கு மோர் ஊற்றுகிறவள். பால் எப்போது உறையும்? வெதுவெதுப்பாக இருந்தால். குளிர் காலத்தில் உறையாது, அடுப்புப் பக்கத்தில் வைத்தால் உறையும். உறையாமல் இருக்க வேண்டும் என்றால் குளிர வைக்க வேண்டும். எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு நல்லது. ஐஸாகிக் கட்டிப்போவதையும் படித்தவர்கள் 'உறையறது' என்றுதான் சொல்வார்கள் என்பது எனக்குப் பழக்கம் இல்லை. எங்கள் வீட்டில் ஐஸ்பெட்டி இல்லை. தண்ணீர் ஐஸாவதை நாங்கள் 'கட்டியாச்சி' என்போம். உறைவது என்றால் எங்களுக்குத் தயிர்தான். அன்றைக்குக் காலையிலிருந்து ரத்தமும்.

ஆலங்காயத்தில் இறங்கினபோது வாணியம்பாடி பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ் வழியில் பழுதாகி நிற்கிறது என்றார்கள். மழை மாசம்தான், ஆனாலும் அன்றைக்கு வெயில் தகித்தது. பிளாஸ்கைத் தொட்டுப் பார்த்தேன். மூடியைத் திறந்தேன். ஐஸ் பை தளர்ந்து தண்ணீராகத் தொங்கியது. உறைந்துவிடும், உறைந்துவிட்டால் ஒன்றும் பார்க்க முடியாது என்று டாக்டரம்மா சொன்னதே காதில் ஓடியது.

பஸ் ஸ்டாண்டு எதிரே கூல்டிரிங்ஸ் கடை. வெளியே ஐஸ்கிரீம் பெட்டி. கடைக்காரரிடம் குழாயைக் காட்டினேன்.

"இன்னாமா இது, ரத்தமா?"

"மாட்டு ரத்தம்ணே. ஆஸ்பத்திரிக்குப் போவுது. பஸ் வர்ற வரைக்கும் உள்ள வெச்சிக் குடுங்க, புண்ணியமா போவும்."

"ஐஸ்கிரீம் பொட்டில ரத்தமா? குச்சி ஐஸ் கேக்கறவன் அவசரத்துல இத எடுத்துச் சப்பிட்டான்னா, நீயா பதில் சொல்லுவ?"

ஆனாலும் நல்ல மனுஷன். பழைய பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒரு மூலையில் வைத்தார். "அந்த அட்டைப் பொட்டியும் வெக்கணுமா?" என்றார். கண்ணாடித் துண்டிலும் அதே ரத்தம்தானே, அதுவும் உறையக் கூடாதே என்று, "வெச்சிடுங்கண்ணே" என்றேன். தூணுக்குக் கீழே உட்கார்ந்து நூற்றெட்டு தடவை அம்மன் பேர் சொன்னேன். நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதியில் சொன்னேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

பஸ் வந்ததும் கவரைப் பிரிக்காமல் அப்படியே வாங்கிக்கொண்டு ஏறினேன். வாணியம்பாடி ஆய்வகத்தில் ஒரு அம்மா அதைப் பிரித்தார். கண்ணாடித் துண்டுகளில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து, பூசியிருந்த ரத்தம் கரைந்து வழிந்திருந்தது. குழாயைத் தூக்கிச் சாய்த்தார். உள்ளே ஒன்றும் அசையவில்லை. சிவப்புக் குச்சி ஐஸ் மாதிரி கட்டியாக நின்றது.

"யார்மா இதை ஃப்ரீசர்ல வெச்சது?"

என் வாய் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தெரியலீங்க. டாக்டரம்மா குடுத்த மாதிரியே கொண்டாந்தேன்."

"இப்படிக் கட்டி ஆயிட்டா உள்ள இருக்கிற அணுவெல்லாம் வெடிச்சிடும்மா. இனிமே இதுல பார்க்க ஒண்ணும் இல்ல. மாடு உயிரோட இருந்தா திரும்ப எடுத்து அனுப்பச் சொல்லுங்க." ஒரு தாளில் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். 'மாதிரி உறைந்துள்ளது. பரிசோதனைக்கு ஏற்றதல்ல.' அந்த எழுத்தைப் படித்தபோதுதான் எனக்கு அந்த வார்த்தை முழுசாக விளங்கியது.

திரும்புகிற பஸ்ஸில் இருந்தபோது வீட்டுக்காரர் போன் செய்தார். "போய்டுச்சிடி" என்றார்.

நான் வீடு சேர்ந்தபோது பொழுது சாயவில்லை. கொட்டகை முன்னால் கூட்டம். மாட்டுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, புளியமரத்துக்குப் பக்கத்தில் குழியும் வெட்டியிருந்தார்கள். மூக்கிலிருந்து அப்போதும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. நான் அதன் கழுத்தில் விழுந்து அழுதுகொண்டிருக்கும்போது போன் வந்தது. டாக்டரம்மா.

"மாடு போயிடுச்சுன்னு அவரு போன் பண்ணாரும்மா. லேப்லயும் பேசினேன். சாம்பிள் கட்டி ஆயிடுச்சாமே. ஐஸை நான்தான் சரியா வெக்கல போல. என் தப்புதான்மா, மன்னிச்சிடுங்க. ஒண்ணு பண்ணுங்க, புதைக்காதீங்க. நான் இறங்கி வந்துட்டே இருக்கேன். சீக்கிரம் ஒரு விலா எலும்பு எடுத்தா இன்னும் பார்க்கலாம். யார் மேலயும் வீண் பழி வரக் கூடாது பாருங்க."

நான் "சரிங்க" என்றேன்.

"இன்னா சொல்றாங்க?" என்றார் வீட்டுக்காரர். அவருக்கு மாட்டை அறுப்பதில் இஷ்டம் இல்லை. மாடு லட்சுமி, செத்த பிறகும் வெட்டுவதா என்பார். ஆனால் நான் சொல்லியிருந்தால் புதைக்காமல் காத்திருப்பார். டாக்டரம்மா வந்தால் குழாயை எங்கே வைத்தாய், வழியில் என்ன ஆயிற்று என்று கேட்பார். இத்தனை பேர் முன்னால் ஐஸ்கிரீம் பெட்டியில் வைத்தேன் என்று சொல்ல வேண்டும். நாலு பேர் சிரிப்பார்கள். மாட்டைக் கொன்றதே நீதான் என்று வீட்டுக்காரர் கேட்பார். இவ்வளவும் எனக்குள் ஓடி முடிந்தது.

"ஒண்ணும் இல்ல. பொதைச்சிடச் சொல்றாங்க" என்றேன்.

மண் தள்ளும்போது ஓரகத்தி கூட்டத்துக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தாள். அவள் கண்ணும் அழுதிருந்தது. மாடு செத்ததற்குத்தான் அழுதாளா, வேறு எதற்காகவாவது அழுதாளா என்று எனக்குத் தெரியாது.

"அக்கா, அந்த எலும்பு ரிசல்ட் இன்னாச்சி?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தாள் என் ஜாக்கெட்டுக்குள் இருந்தது. நான் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினேன்.

"ரிசல்ட்டா? உனக்குத் தெரியாததா? அம்மா தாயே, நீ பாத்துக்கோ!" என்று அவள் காலடியில் மண்ணை வாரித் தூற்றினேன்.

எலி மருந்து என்று ஆய்வகத்தில் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. பல வருஷம் இந்த ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கினேன். நான் சொல்லவில்லை, அவர்களாகப் புரிந்துகொண்டார்கள் என்று. அவர்கள் எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்று தெரிந்துதான் தூற்றினேன்.

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வந்தார். மூடின குழியைப் பார்த்துக்கொண்டு ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றார். "சொன்னேனேம்மா" என்றார். "அவருதாங்க கேக்கல" என்றேன். ஒரே நாளில் டாக்டரம்மா மேல், ஓரகத்தி மேல், தாலி கட்டினவர் மேல் என்று மூன்று பேர் தலையில் வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் கொழுந்தனார் ஊர் முன்னால் என்னைக் கூப்பிட்டார். "அண்ணி, சூடம் ஏத்துங்க. நானும் அணைக்கிறேன், அவளும் அணைப்பா. அப்பறமாவது வுட்டுடுங்க." யாரோ ஏற்றினார்கள். அவள் முன்னால் வந்து, 'நான் வெக்கல' என்று சொல்லி உள்ளங்கையால் எரிகிற சூடத்தை அணைத்தாள். கையைத் திறந்து காட்டினாள், சிவந்திருந்தது. அம்மன் சன்னிதியில் ஒருத்தி அப்படிச் செய்துவிட்டால் அதோடு பேச்சு முடிய வேண்டும். எங்கள் ஊர் வழக்கம் அது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சூடம் அணைச்சா செத்த மாடு எந்திரிச்சி வருமா?" என்றேன். என்னைச் சுற்றி நின்றவர்கள், ஆய்வகத்திலேயே தெரிந்த பிறகு சத்தியம் எதற்கு என்று முணுமுணுத்தார்கள். அன்றைக்குத்தான் அந்தத் தாளை மடித்து உண்டியலில் போட்டேன். அம்மனிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டேன். ஒளித்தேன் என்பதுதான் சரி. உண்டியல் எண்ணும்போது குப்பையோடு போயிருக்கும்.

அடுத்த வருஷம் மழைக்குப் பிறகு, மலைக்கு மேலே ஒரு ஊரில் ஒருத்தர் மாடு இதே மாதிரி ஈ கடித்த இடத்தில் எல்லாம் ரத்தம் சிந்திச் செத்தது என்று கேள்விப்பட்டேன். அவருக்கு அக்கம்பக்கம் வீடே கிடையாது. எலி மருந்து வைக்க ஆளும் இல்லை, பகையும் இல்லை. ஏதோ தழையைத் தின்றிருக்கும் என்றார்கள். எங்கள் மாட்டின் எலும்பில் அன்றைக்குப் பார்த்திருந்தால், எந்தத் தழை, எந்தக் காடு என்று விசாரித்து அந்த மாடாவது பிழைத்திருக்குமோ என்னவோ. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. டாக்டரம்மா அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். அவர் இன்னமும் தன் தப்பு என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

கொழுந்தனார் குடும்பம் ஊரில் இருக்க முடியவில்லை. சொசைட்டியில் அவள் பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். "உன் வூட்டுப் பக்கம் எங்க மாடு வராம பாத்துக்கறோம்மே, நீயும் எங்க பக்கம் வராத" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வாணியம்பாடிப் பக்கம் செருப்புக் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். மூத்த பெண்ணுக்குக் கணியம்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. பூ வைக்க நாள் குறித்த பிறகு எங்கள் ஊரில் யாரோ காதில் ஓதினார்கள். மாட்டுக்கு விஷம் வைத்த வீட்டில் பெண் எடுத்தால் நாளைக்குச் சோற்றில் வைக்காதா என்று அவர்கள் வராமலே நின்றுவிட்டார்கள். அந்தப் பெண்ணை நான் இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டியிருக்கிறேன்.

அந்தச் சேதி வந்த நாளிலிருந்து எனக்குச் சாமி அறையில் உட்கார முடியவில்லை. விளக்கு ஏற்றுவேன், எழுந்துவிடுவேன். கேட்க ஒன்றும் வாயில் வரவில்லை. அம்மன்தான் டாக்டரம்மா ரூபத்தில் வந்து, எலும்புக்குள்ளிருந்து பதிலை எடுத்து என் கையில் கொடுத்தாள். நான் அதைக் கெடுத்துவிட்டு, மறுபடியும் அவளையே சாட்சிக்குக் கூப்பிட்டேன். இதற்கு என்ன பரிகாரம் என்று பூசாரியிடம்கூடக் கேட்க முடியாது. கேட்டால் சொல்ல வேண்டும்.

போன ஆடி மாசம் வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். கம்பெனி பையை மாட்டிக்கொண்டு நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவளே பார்த்துவிட்டாள். "இன்னாக்கா, எளச்சிட்ட" என்றாள். அப்படிக் கேட்டுவிட்டாள் என்பதைத் தாங்க முடியாமல் அங்கேயே நின்றுகொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். குழாய், ஐஸ்கிரீம் பெட்டி, தாள், டாக்டரம்மா போன், எல்லாம். காலில் விழப் போனேன். அவள் பின்னால் நகர்ந்தாள்.

"எந்திரி. பஸ் ஸ்டாண்ட்ல கால்ல வுழுந்து இன்னா? எல்லாரும் வேடிக்கை பாக்கறதுக்கா?"

"நீ வெக்கலன்னு ஊர்ல சொல்லிடறேன்டி. சத்தியம் பண்ணிச் சொல்றேன்."

"உனக்கு எப்டித் தெரியும் நான் வெக்கலன்னு?"

நான் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தேன்.

"தெரியாது இல்ல? அப்ப அத்தயும் சொல்லாத. அன்னிக்கும் தெரியாமதான் சொன்ன, இன்னிக்கும் தெரியாம சொல்லுவியா? உனக்குத் தெரியாதுன்னு சொல்லு. தெரிஞ்சிக்கற வழிய நீதான் கெடுத்தேன்னு சொல்லு. எங்கிட்ட இல்ல, அவங்க எல்லாருகிட்டயும். எம் பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் முடியலக்கா."

அவள் பஸ் வந்தது. ஏறிவிட்டாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊரில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிப் பார்த்தேன். கேட்கிறவர்கள் பாதியிலேயே அவர்களாக முடித்துவிடுகிறார்கள். ஒருத்தி, "பாவம், ஓரகத்தி மேல பாசம், அதான் பழியத் தன் மேல போட்டுக்குது" என்றாள். இன்னொருத்தி, "பணம் குடுத்துச் சொல்லச் சொல்லிக்கீறாங்க" என்றாள். வீட்டுக்காரர் மூன்று மாசமாக என்னோடு பேசுவதில்லை. வாயால் சொல்லிப் பயன் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மறுபடி எழுத உட்கார்ந்தேன். இதனாலும் அந்தப் பெண்ணுக்கு ஒரு நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கு அதிகம் இல்லை. ஏழு வருஷம் ஊறின பேச்சு.

ஆனாலும் இதைப் படிக்கிறவர்கள், ஆலங்காயம் பக்கமோ கண்ணமங்கலம் பக்கமோ கணியம்பாடி பக்கமோ சொந்தக்காரர் இருந்தால், அவர்களிடம் சொல்லுங்கள். படித்துக் காட்டினால் இன்னும் நல்லது. என்மேல் இரக்கப்பட்டு ஒரு வார்த்தையைக் குறைக்காதீர்கள். அவள்மேல் இரக்கப்பட்டு, அவள் வைக்கவில்லை என்று ஒரு வார்த்தையைக் கூட்டவும் கூட்டாதீர்கள். அவள் அதைக் கேட்கவில்லை. மாடு எதனால் செத்தது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்கும், நான் கெடுத்தேன், மறைத்தேன். இதை இப்படியே சொல்லுங்கள்.